கதவோரத்து மேஜை

பூசணி வாயை இறுக மூடிக்கொண்டான்.

மேஜை மேல் தக்காளி சூப் ஆவி பறக்க இருந்தது. பக்கத்தில் நூடுல்ஸ். ஒரு பெரிய தட்டு நிறைய பொரித்த உருளைக்கிழங்கு. நடுவில் சின்னதாக ஒரு சாக்லேட் கேக். இவை எல்லாமே பூசணிக்கு உயிர். ஆனாலும் அவன் வாயைத் திறக்கவில்லை.

“ஒரே ஒரு வாய்டா கண்ணு,” என்று அம்மா கரண்டியை நீட்டினாள்.

பேசுவதற்காக வாயைத் திறந்தால் கரண்டி உள்ளே போய்விடும் என்று பூசணிக்குத் தெரியும். அவன் கையால் வாயைப் பொத்திக்கொண்டு விரல் சந்து வழியாகப் பேசினான்.

“சித்தி வந்தாத்தான்.”

பூசணிக்கு அன்றைக்குப் பிறந்த நாள். பிறந்தபோது உருண்டையாக இருந்ததால் அவனுக்குப் பூசணி என்று பெயர் வைத்தது சித்தி. அவனுடைய அக்காவுக்கு எறும்பு என்று பெயர் வைத்ததும் சித்திதான். எடுத்த காரியத்தை முடிக்காமல் விடமாட்டாள் என்பதால் அந்தப் பெயர். இரண்டு பேருக்கும் பள்ளியில் வேறு பெயர்கள் உண்டு. வீட்டில் அவை யாருக்கும் நினைவில்லை.

போன பிறந்த நாளைக்கு வருகிறேன் என்று சொன்ன சித்தி, வேலை வந்ததால் வரவில்லை. பூசணி வாசல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, செருப்புகளுக்கு நடுவில் அப்படியே தூங்கிப்போனான். அதைக் கேட்டதிலிருந்து சித்திக்கு மனசு ஆறவில்லை.

“இந்தத் தடவை நீங்க எல்லாரும் நான் வேலை பார்க்கிற தீம் பார்க்குக்கே வந்துடுங்க,” என்று போனில் சொல்லியிருந்தாள். “மதியம் கொஞ்ச நேரம் லீவு கேட்டிருக்கேன். பூசணி, முதல் வாய் நாம ரெண்டு பேரும் ஒண்ணா சாப்பிடறோம். சரியா?”

“சரி,” என்று பூசணியும் வாக்குக் கொடுத்திருந்தான். கொடுத்த வாக்கைத்தான் இப்போது காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

காலையிலிருந்து எல்லாம் நன்றாகத்தான் போனது. மோதும் கார்களில் அப்பாவும் எறும்பும் ஏறினார்கள். அப்பா நகரப் பேருந்து ஓட்டுநர். எதன் மேலும் மோதாமல் ஓட்டியே பழகியவர். மற்றவர்கள் எல்லாம் இடித்து இடித்துச் சிரிக்க, அப்பா மட்டும் கையை நீட்டி சிக்னல் காட்டி எல்லோருக்கும் வழி விட்டுக்கொண்டிருந்தார்.

“அப்பா, இடிங்கப்பா,” என்று எறும்பு கெஞ்சினாள்.

“கை வர மாட்டேங்குதும்மா,” என்றார் அப்பா.

அம்மா மருத்துவமனையில் நர்ஸ். ராட்டினத்திலிருந்து இறங்கியதும், தலைசுற்றி உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒருவருக்கு நாடி பிடித்துப் பார்த்தாள். அவரைத் தண்ணீர் குடிக்க வைத்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் கண்ணாடியோரத்து மேஜையே கிடைத்தது. அங்கிருந்து பார்த்தால் வெளியே குளம் முழுசாகத் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் அந்தக் குளத்தில் இசைக்கு ஏற்ப நீரூற்றுகள் ஆடும். அந்த மேஜைக்காக அப்பா வெயிலில் வரிசையில் நின்றிருந்தார். உட்கார்ந்ததும் மேஜையை ஒருமுறை தட்டிப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

சித்தியை மட்டும் காணோம்.

அம்மா போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். அப்போதும் எடுக்கவில்லை.

“சித்தி இங்க என்ன வேலைம்மா பார்க்கிறா?” என்று கேட்டாள் எறும்பு.

“சாப்பாட்டுக் கூடத்துலன்னு சொன்னா. என்ன வேலைன்னு கேட்டா மட்டும் பேச்சை மாத்திடுவா,” என்றாள் அம்மா. “பாத்திரம் கழுவற வேலைன்னாலும் சொல்ல வேண்டியதுதானே. அதுல என்ன வெட்கம்.”

அந்தக் கூடத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் குறித்த நேரம் உண்டு. மணி அடித்தால் எழுந்து அடுத்த கூட்டத்துக்கு இடம் விட வேண்டும். எறும்பு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். சூப்பைப் பார்த்தாள். சூப்பில் ஆவி குறைந்துகொண்டே வந்தது.

அப்போது கூடத்தின் மறுகோடியில் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். ஆளுயரத்துக்கு மேல் ஒரு நீல நீர்யானை இரண்டு காலில் நடந்து வந்தது. தலையில் வெள்ளைச் சமையல் தொப்பி, வயிற்றின் மேல் சிவப்புத் துணி. அதன் கையைப் பிடித்து வழி காட்டியபடி மஞ்சள் சட்டை போட்ட ஓர் அண்ணன் கூடவே வந்தார். அது யாரோடும் பேசவில்லை. தலையை ஆட்டியது, கை குலுக்கியது, தொந்தியைத் தடவிக் காட்டியது.

“நீர்யானை மாமா,” என்று பிள்ளைகள் கூப்பிட்டார்கள். பூசணியும் கூப்பிட்டான், வாயைப் பொத்தியபடியே.

நீர்யானை ஒவ்வொரு மேஜையாக வந்தது. இவர்கள் மேஜைக்கு வந்ததும் அப்பா எழுந்து அதன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, “என்ன மாமா, சௌக்கியமா?” என்றார்.

நீர்யானை கொஞ்சம் தடுமாறியது. பிறகு பூசணியின் தொடப்படாத தட்டைப் பார்த்தது. கையால் பொத்திய வாயைப் பார்த்தது. வெகுநேரம் அங்கேயே நின்றது. போகும்போது குண்டுக் கையால் எறும்பின் உச்சந்தலையில், கதவைத் தட்டுவது போல இரண்டு தட்டுத் தட்டியது.

டொக், டொக்.

எறும்பு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் தலையில் அப்படித் தட்டுகிற ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். தட்டிவிட்டு, ‘வீட்டுல ஆள் இருக்கா?’ என்று சித்தி கேட்பாள். இன்றைக்குத் தட்டல் வந்தது, கேள்வி வரவில்லை.

எறும்பு அம்மாவின் காதில் போய் மெதுவாகச் சொன்னாள். அம்மா கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது. அம்மா அப்பாவின் காதில் சொன்னாள்.

“ஐயோ, மச்சினியா?” அப்பா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. “முதுகுல வேற ஓங்கித் தட்டிட்டேனே.”

“இந்த வெக்கையில அதுக்குள்ள எப்படி இருப்பா,” என்று அம்மா முணுமுணுத்தாள். “தண்ணியாவது குடிச்சாளோ என்னவோ.”

“பேசாம பூசணிகிட்ட சொல்லிடலாமா?” என்று அப்பா குனிந்து கேட்டார்.

எறும்பு தலையை ஆட்டினாள். “அவன்கிட்ட சொல்றதும் மைக் போட்டுச் சொல்றதும் ஒண்ணுதான்ப்பா. நம்மகிட்டயே சித்தி சொல்லலைன்னா, சொல்லக் கூடாதுன்னு விதி இருக்கணும். இவன் கத்தினா சித்தி வேலைக்கே வேட்டு.”

சித்தியின் வேலையும் போகக் கூடாது. பூசணிக்குச் சித்தி கொடுத்த வாக்கும் இரண்டாவது தடவை பொய்யாகக் கூடாது. இரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எறும்பு முடிவு செய்தாள். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள்.

மஞ்சள் சட்டை அண்ணன் ஒரு தூணோரம் நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நீர்யானை பக்கத்து மேஜையில் ஒரு குழந்தைக்குக் கை காட்டிக்கொண்டிருந்தது.

“அண்ணா, உள்ள இருக்கறது எங்க சித்திதானே?” என்று எறும்பு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

அண்ணன் திடுக்கிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தார். “உள்ளயா? உள்ள யாரும் இல்லம்மா. அது நிஜ நீர்யானை.”

“சரி. அந்த நிஜ நீர்யானை எப்ப ரெஸ்ட் எடுக்கும்?”

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு சொன்னார். “போட்டோ எடுக்கறது முடிஞ்சதும் கொஞ்ச நேரம். இன்னிக்கு மாற வேண்டிய நீர்யானைக்குக் காய்ச்சல். அதனால இந்த நீர்யானையோட லீவும் போச்சு. போனை உள்ள பூட்டி வெச்சிருக்கறதால யாருக்கும் தகவலும் சொல்ல முடியல. காலையிலேர்ந்து அதுக்கு அதே கவலை.”

“ரெஸ்ட் நேரத்துல சொந்த உடுப்புல எங்க மேஜைக்கு வரலாமா?”

“வரலாம். ஆனா வேலை செய்யறவங்க சொந்த உடுப்புல கூடத்துக்குள்ள குறுக்க நடக்கக் கூடாது. ரெஸ்ட் எடுக்கற அறை சமையலறைக்குப் பின்னால இருக்கு. அங்கேயிருந்து வெளிய போய், கட்டடத்தையே சுத்திக்கிட்டு, முன் வாசல் வழியா உங்க கண்ணாடியோரத்துக்கு வரணும். வந்து உட்காரும்போது திரும்பிப் போற நேரம் ஆயிடும்.”

எறும்பு சமையலறைக் கதவைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஆடுகிற கதவு. பரிமாறுகிறவர்கள் அதை முட்டிக்கொண்டு வருவதும் போவதுமாக இருந்தார்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளேயிருந்து புகையும் பாத்திரச் சத்தமும் வந்தன. அந்தக் கதவை ஒட்டினாற்போல ஒரு மேஜை இருந்தது. மொத்தக் கூடத்திலும் அதைவிட மோசமான மேஜை கிடையாது. ஒரு பக்கம் கதவு, மறுபக்கம் பெரிய தூண். அங்கே ஓர் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய சின்னப் பெண் நாற்காலி மேல் ஏறி, தூணுக்கு அந்தப் பக்கம் குளம் தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எறும்பு நேராகக் கூடத்து மேற்பார்வையாளரிடம் போனாள். அந்த அம்மாள் முடியை இழுத்துக் கொண்டை போட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் பார்வை போகும் பக்கமெல்லாம் பரிமாறுகிறவர்கள் வேகமாக நடந்தார்கள்.

“மேடம், எங்க சித்தி உள்ள வேலை செய்யறாங்க. ரெஸ்ட் நேரத்துல எங்ககூட உட்கார்ந்து சாப்பிடலாமா?”

“வேலையில இருக்கறவங்க விருந்தாளிங்க மேஜையில உட்காரக் கூடாதும்மா.”

“ரெஸ்ட் நேரம் வேலை நேரமா மேடம்?”

மேற்பார்வையாளர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு கொஞ்சம் யோசித்தார். “இல்ல,” என்றார்.

“அப்ப அந்த நேரத்துல எங்க சித்தி வெறும் சித்திதானே?”

“கூடத்துக்குள்ள குறுக்க நடக்கறதை மட்டும் நான் விட மாட்டேன்,” என்றார் அவர்.

“நடக்கவே வேணாம் மேடம். கதவைத் தள்ளினா அந்த மேஜை. நாங்க அங்க மாறிக்கறோம்.”

மேற்பார்வையாளர் அந்த மேஜையைப் பார்த்தார். பிறகு கண்ணாடியோரத்து மேஜையைப் பார்த்தார். “அதை விட்டுட்டு இதுக்கா?”

“ஆமா.”

“அங்க இருக்கறவங்க சம்மதிச்சா எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா மணி அடிச்சா எழுந்துடணும். அது சரி, உங்க சித்திக்கு என்ன வேலை?”

பக்கத்து மேஜையில் ஒரு பையன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். எறும்பு ஒரு நிமிஷம் யோசித்தாள்.

“ரொம்ப வேர்க்கற வேலை மேடம்.”

மேற்பார்வையாளரின் கண் நீர்யானை நின்ற பக்கம் ஒருமுறை போய் வந்தது. “போ, சீக்கிரம் மாறிக்கோங்க,” என்றார்.

கதவோரத்து மேஜையில் இருந்த அப்பா லேசில் நம்பவில்லை. “கண்ணாடியோரத்து மேஜையை யாராவது சும்மா குடுப்பாங்களா? அங்க என்ன, ஏசி தண்ணி ஒழுகுதா? நாற்காலி உடைஞ்சிருக்கா?”

“அதெல்லாம் இல்ல அங்கிள். எங்க சித்தி இந்தக் கதவு வழியாத்தான் வருவாங்க. அவங்களால இதுக்கு மேல நடந்து வர முடியாது.”

“அடடா, கால்ல அடியா?” என்று அந்த அம்மா உச்சுக் கொட்டினாள்.

“அடி இல்ல ஆன்ட்டி, விதி.”

அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் சின்னப் பெண்ணுக்குப் புரிய வேண்டியது புரிந்துவிட்டது. அவள் அதற்குள் நாற்காலியிலிருந்து குதித்துத் தன் தட்டைக் கையில் எடுத்திருந்தாள்.

இனி வீட்டு ஆட்களைச் சம்மதிக்க வைக்க வேண்டும். அதுதான் பெரிய வேலை.

“பஸ்ல ஜன்னல் சீட்டு புடிச்சவன் எழுந்து படிக்கட்டுக்குப் போவானா?” என்று அப்பா கேட்டார். “வெயில்ல நின்னு புடிச்ச இடம்மா இது.”

“தெரியும்ப்பா. அதனாலதான் அவங்க உடனே மாத்திக்கறேன்னாங்க. மோசமான இடத்தை வெச்சுக்கிட்டு நாம யார்கிட்ட போய்க் கேட்டிருக்க முடியும்?”

அப்பா மேஜையைக் கடைசியாக ஒருமுறை தட்டிப் பார்த்தார். “அதுவும் சரிதான்,” என்று எழுந்தார்.

பூசணி எழவில்லை. “தண்ணி டான்ஸ் பார்க்கணும். சித்தி இங்க வரட்டும்.”

“சித்தியால இங்க வர முடியாதுடா. அந்தக் கதவு வரைக்கும்தான் வர முடியும்.”

“அங்கேயிருந்து தண்ணி தெரியுமா?”

தெரியும் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும். அம்மாகூட அப்படிச் சொல்லும்படி கண்ணைக் காட்டினாள். ஆனால் பிறந்த நாள்காரனை ஏமாற்ற எறும்புக்கு மனசு வரவில்லை.

“தெரியாதுடா. தூண் மறைக்கும்.”

பூசணி குளத்தைப் பார்த்தான். அங்கே ஆட்கள் விளக்குகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கதவைப் பார்த்தான். மறுபடி குளத்தைப் பார்த்தான். அவன் கீழுதடு துடித்தது.

“சித்தி நிஜமா வருவாளா?”

“வருவா. நான் வரவழைக்கறேன்.”

பூசணி வாயிலிருந்து கையை எடுத்தான். நாற்காலியிலிருந்து வழுக்கி இறங்கினான். யாரும் கேட்காமலேயே கேக் தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, கீழே விழாமல் அடி மேல் அடி வைத்துக் கதவை நோக்கி நடந்தான். அம்மா சூப்போடு பின்னால் போனாள். அப்பா நூடுல்ஸைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, எதிரே வந்தவர்களுக்கெல்லாம் வழி விட்டுக்கொண்டு வந்தார்.

கதவோரத்து மேஜை நினைத்ததைவிட மோசம். கதவு திறக்கும்போதெல்லாம் அப்பாவின் நாற்காலியில் இடித்தது. உள்ளே யாரோ, “சூப்பு எங்கடா, சூப்பு?” என்று கத்திக்கொண்டே இருந்தார்கள். அப்பா தன் வாழ்நாளில் வாங்காத இடியெல்லாம் அன்றைக்கு வாங்கினார்.

“காலையில மோதும் கார்ல மிச்சம் வெச்சதை இங்க குடுக்கறாங்க,” என்றார்.

எறும்பு நீர்யானையைத் தேடினாள். அது போட்டோ மேடையில் நின்றுகொண்டிருந்தது. அதன் முன்னால் இருந்த வரிசை குறைவதாக இல்லை. ஒரு குழந்தை போனால் வால் பக்கத்தில் இரண்டு குழந்தைகள் வந்து சேர்ந்தார்கள். நீர்யானையின் தோள் தொங்கிப்போயிருந்தது. கை குலுக்குவதும் மெதுவாகிவிட்டது.

“இப்படியே போனா அவ மயங்கி விழுந்துடுவா,” என்று அம்மா கவலையோடு சொன்னாள்.

எறும்பு மஞ்சள் சட்டை அண்ணனிடம் ஓடினாள். “வரிசையை நிறுத்துங்கண்ணா.”

“நிக்கறவங்களை நான் போகச் சொல்லக் கூடாதும்மா. பெரியவங்க சண்டைக்கு வந்துடுவாங்க.”

“நிக்கறவங்களை வேணாம். இனிமே வர்றவங்களை நான் பார்த்துக்கறேன்.”

அவள் வரிசையின் கடைசியில் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

“நான்தான் கடைசி. எனக்கு அப்புறம் மாமா தூங்கப் போறாரு,” என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

“நீர்யானை பகல்ல தூங்குமா?” என்று ஒரு பெரிய பையன் மடக்கினான்.

“தூங்கும். பாரு, இப்பவே சாயுது.”

“எனக்கு இப்பவே போட்டோ வேணும்.”

“தூங்கி வழியற நீர்யானையோட வேணுமா, தூங்கி எழுந்த நீர்யானையோட வேணுமா?” என்று கேட்டாள் எறும்பு. “தூங்கி எழுந்தா அது டான்ஸ்கூட ஆடும்.”

பையன் நீர்யானையை ஒருமுறை நன்றாகப் பார்த்தான். “அப்ப அப்புறமா வரேன்,” என்று போய்விட்டான். அவன் சொன்னதைக் கேட்டு, பின்னால் வந்த இன்னும் சிலரும் திரும்பிப் போனார்கள். வரிசை குறைந்தது. எறும்புக்கு முன்னால் கொஞ்சம் பேர்தான் பாக்கி. அவள் மூச்சு விட்டுக்கொண்டு முன்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

மேடை மேல் பூசணி நின்றுகொண்டிருந்தான்.

எப்போது மேஜையிலிருந்து நழுவினானோ, எப்போது வரிசையில் புகுந்தானோ தெரியாது. நீர்யானையின் தொந்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றான். சித்தியை வரவிடாமல் சித்தியையே பிடித்துக்கொண்டிருந்தான். எறும்பு பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் ஓடினாள்.

“மாமா,” என்று பூசணி நீர்யானையிடம் பேசிக்கொண்டிருந்தான். “எங்க சித்தி இங்கதான் வேலை செய்யறா. முதல் வாய் ஒண்ணா சாப்பிடறோம்னு சொன்னா. இன்னும் வரல. போன தடவையும் வரல. நீங்க பார்த்தீங்களா?”

நீர்யானை அசையவில்லை. அதன் குண்டுக் கைகள் பூசணியின் முதுகுக்கு மேல் காற்றில் அப்படியே நின்றன. மஞ்சள் சட்டை அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

ஒரு வார்த்தை பேசினால் போதும், பூசணி குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவான். நீர்யானை பேசவில்லை. மெதுவாக, பெரிய தலையை மேலும் கீழும் ஆட்டியது.

“பார்த்தீங்களா? எங்க?”

நீர்யானை சமையலறைக் கதவைக் கை காட்டியது.

“உள்ள இருக்காளா? வருவாளா?”

தலை மறுபடி ஆடியது. இந்த முறை இன்னும் அழுத்தமாக ஆடியதில் சமையல் தொப்பியே கழன்று விழுந்தது. எறும்பு அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, தம்பியின் கையைப் பிடித்தாள்.

“மாமாவே சொல்லிட்டாருல்ல, வா. சித்தி வரும்போது நீ மேஜையில இல்லைன்னா?”

பூசணி உடனே கட்டிப்பிடித்ததை விட்டான். இருவரும் ஓடினார்கள். வரிசையில் மிச்சம் இருந்தவர்களோடு நீர்யானை சட்டு சட்டென்று போட்டோ எடுத்துக்கொண்டது. பிறகு அது போன வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாமல் மஞ்சள் சட்டை அண்ணன் பின்னால் ஓடினார்.

வெளியே இசை தொடங்கியது. நீரூற்று எழும்பிவிட்டது போலிருக்கிறது, கண்ணாடியோரத்திலிருந்து எல்லோரும் கை தட்டினார்கள். தூணுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. பூசணி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கதவு திறந்தது. பரிமாறுகிறவர் வந்தார். மறுபடி திறந்தது. காலித் தட்டுகள் போயின. இன்னொரு முறை திறந்து அப்பாவின் நாற்காலியில் நன்றாக இடித்தது.

“மன்னிச்சுக்கோங்க மாமா,” என்றது ஒரு குரல்.

சித்தி. முகமெல்லாம் சிவந்து, குளித்துவிட்டு வந்தவள் போல முடி சொட்டச் சொட்ட நின்றாள். மூச்சு வாங்கியது.

“நான் முதுகுல தட்டினதை நீ மன்னிச்சா, நீ நாற்காலியில இடிச்சதை நான் மன்னிக்கறேன்,” என்று அப்பா அவசரத்தில் உளறினார். அம்மா அவர் காலை மிதித்தாள்.

பூசணி எதையும் கவனிக்கவில்லை. சித்தியை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தான். ஒரு துண்டு கேக்கை எடுத்து அவளிடம் கொடுத்தான். இன்னொரு துண்டைத் தான் எடுத்துக்கொண்டான்.

“ஒண்ணா,” என்றான்.

“ஒண்ணா,” என்றாள் சித்தி.

இரண்டு வாயும் ஒரே நேரத்தில் திறந்தன. அவ்வளவு நேரம் மூடியிருந்த வாய் அதற்குப் பிறகு மூடவே இல்லை. கேக் போனது, நூடுல்ஸ் போனது, ஆறிப்போன உருளைக்கிழங்கும் போனது. சித்தியும் சளைக்கவில்லை. நடுநடுவே அம்மா அவள் கையில் தண்ணீர் டம்ளரைத் திணித்துக்கொண்டே இருந்தாள்.

“ஏன் சித்தி இப்படி நனைஞ்சிருக்க?”

“உள்ள ரொம்ப வெக்கைடா.”

“நீர்யானை மாமாவும் உள்ளதான் தூங்கறாரா?”

சித்திக்குப் புரையேறியது. எறும்பு அவள் தலையில் தட்டினாள்.

“ஆமாடா,” என்றாள் சித்தி இருமிக்கொண்டே. “அவரும் உள்ளதான் இருக்காரு.”

“நான் கேட்டதும் அவர்தான் உன்னை அனுப்பினாரா?”

“அவர் அனுப்பினாரோ இல்லையோ,” என்று சித்தி எறும்பைப் பார்த்தாள். “எல்லாம் உங்க அக்கா பண்ணின வேலை. கண்ணாடியோரத்து மேஜையை விட்டுட்டு இங்க வந்திருக்கீங்கன்னு கூட வேலை செய்யறவங்க உள்ள வந்து சொன்னாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு.”

எறும்பு சித்தியின் டம்ளரில் மறுபடி தண்ணீர் ஊற்றினாள்.

கதவின் வட்டக் கண்ணாடியில் மஞ்சள் சட்டை அண்ணனின் முகம் தெரிந்தது. சித்தி எழுந்தாள். பூசணி அழவில்லை. சித்தி வந்துவிட்டாள், சாப்பிட்டாகிவிட்டது, இனி அவள் வேலைக்குப் போகலாம் என்று அவன் கணக்கு. ஆனால் தட்டில் மிச்சம் இருந்த பெரிய கேக் துண்டை எடுத்து அவள் கையில் வைத்தான்.

“இது மாமாவுக்கு. அவர் எல்லாருக்கும் தொந்தியைத் தடவித் தடவிக் காட்டறாரு. ஆனா ஒண்ணுமே சாப்பிடல. நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்.”

சித்தி அந்தக் கேக்கைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது. “அவர்கிட்ட கண்டிப்பா குடுத்துடறேன்,” என்று சொல்லி, கதவை முதுகால் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் அதே கதவு திறந்து நீர்யானை வந்தது. இப்போது அதன் தோள் தொங்கவில்லை. நடையிலேயே ஓர் ஆட்டம் இருந்தது. பூசணியின் முன்னால் நின்று, தன் தொந்தியை இரண்டு கையாலும் தட்டி, போதும் போதும் என்று கையை ஆட்டிக் காட்டிவிட்டுப் போனது. போட்டோ மேடையருகே அந்தப் பெரிய பையன் காத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் நீர்யானை நிஜமாகவே ஒரு டான்ஸ் ஆடியது.

பூசணி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பெருமூச்சு விட்டான்.

“பாவம்க்கா நீர்யானை மாமா. ஊர்க் குழந்தைங்களோட எல்லாம் இருக்காரு. அவருக்குன்னு ஒரு சித்தி இருந்தா நல்லா இருக்கும்.”

“இருக்காங்கடா,” என்றாள் எறும்பு. “அவரை விட்டு ஒரு நிமிஷம்கூட நகராம கூடவே இருக்காங்க.”

“அப்ப சரி,” என்றான் பூசணி.

எறும்பு ஆறிப்போன சூப்புக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.